ஏழேகால் காட்டும் கடிகாரம்

அயின் மெல்ஹா,
கோசோத் தீவு, மால்டா
1974 ஜனவரி 10

அன்புள்ள வென்சு அட்டார்ட் அவர்களுக்கு,

உங்கள் மனைவி லொரெட்டா காலமான செய்தி போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. பங்குச் சாமியார் துன் அஞ்செலு பூசையில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தபோது, "ஆஸ்திரேலியாவில், நம் கல்செதுக்கி வென்சுவின் மனைவி" என்றார். உடனே பாதிக் கோயில் திரும்பி என்னைப் பார்த்தது. இருபத்து மூன்று வருடம் ஆகியும் இந்த ஊர் எதையும் மறக்கவில்லை. அவருக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். என்னிடமிருந்து ஆறுதல் வருவது உங்களுக்கு விநோதமாகப் பட்டால் மன்னியுங்கள்.

பள்ளியிலிருந்து செப்டம்பரில் எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். முப்பத்தேழு வருடம். இன்னமும் காலையில் விரலில் சாக்பீஸ் தூள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ரொட்டியைத் தொடுகிறேன்.

இன்னொரு செய்தியும் உண்டு. சின்னக் கோயிலை இடிக்காமல், ஒரு நாள்கூடப் பூசை நிற்காமல், அதைச் சுற்றிலும் பெரிய கோயிலை எழுப்பத் தொடங்கினார்களே நம் பெரியவர்கள். நீங்கள் தூண்களுக்கு இலையும் பூவும் செதுக்கிய அந்த வேலை முடிந்துவிட்டது. குவிமாடத்தையும் மூடியாயிற்று. இப்போது சின்னக் கோயில் பெரியதன் வயிற்றுக்குள் இருக்கிறது. வெயில் படுவதில்லை, நண்பகல் பூசைக்கும் விளக்கேற்றுகிறோம். பிள்ளைகளுக்கு இதை விளக்க நான் ஒரு கிண்ணத்தைப் பெரிய சூப்புச் சட்டிக்குள் கவிழ்த்துக் காட்டுவேன். "சட்டியை மூடினப்புறம் கிண்ணத்தை எப்படி டீச்சர் வெளியே எடுப்பாங்க?" என்று கேட்பார்கள். ஈஸ்டர் முடிந்ததும் அதைத்தான் செய்யப் போகிறார்கள். சின்னக் கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து, பெரிய கோயிலின் வாசல் வழியே வெளியே கொண்டுபோகிறார்கள்.

அதிலிருந்து உங்களுக்கு ஏதாவது வேண்டுமானால் எழுதுங்கள். துன் அஞ்செலுவிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

உங்கள் துக்கத்தில் பங்குகொள்ளும்,
கிரெட்சியா ரெஃபாலோ


சன்ஷைன், மெல்பர்ன்
1974 பிப்ரவரி 3

டீச்சரம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நீங்கள் உங்கள் என்று எழுதி, யாரோ பள்ளி ஆய்வாளருக்குப் போட்ட கடிதம் மாதிரி இருந்தது. நான் நீ என்றுதான் எழுதுவேன். பிடிக்காவிட்டால் சிவப்பு மையால் திருத்தி அனுப்பு.

லொரெட்டா நல்லவள். பதினெட்டு வருடம் எனக்குச் சமைத்துப் போட்டாள்; ஒரு நாளும் உன்னைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்துகொண்டவள் என்று நினைக்கிறேன். மெழுகுவர்த்திக்கு நன்றி.

இங்கே நான் கல்லைத் தொடவே இல்லை. சிமெண்டை அச்சில் ஊற்றுகிற வேலை. அச்சு இருந்தால் யார் ஊற்றினாலும் ஒரே இலைதான். நம் கல் வெண்ணெய்க்கட்டி மாதிரி, உளி வைத்தாலே வழிவிடும். அந்தத் தூசிதான் இப்போது என் நெஞ்சில் இருக்கிறது என்கிறார் டாக்டர். இருக்கட்டும். ஊரில் கொஞ்சம் என்னோடு வந்திருக்கிறது.

என் நத்தைத் தூண் இருக்கிறதா? "நத்தை மாதிரி வேலை பாக்கறியேடா" என்று மேஸ்திரி ஏசினார் என்பதற்காக, அத்தி இலைகளுக்கு அடியில் ஒரு நத்தையைச் செதுக்கி வைத்தேன். உனக்கு மட்டும்தான் காட்டினேன்.

எனக்குக் கோயிலிலிருந்து கல் எதுவும் வேண்டாம். ஒரு பதில் போதும். ஐம்பத்தொன்றாம் வருடம், பெரிய வெள்ளிக்கிழமை காலை. சின்னக் கோயிலின் பக்கவாசலில், பழைய சுவருக்கும் புதுச் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில், எட்டு மணிக்கு வரச் சொன்னேன். குடியேற்றத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தால் அடுத்த கப்பலில் நீ வருவதாக அர்த்தம், வராவிட்டால் பள்ளிக்கூடம்தான் என்று புரிந்துகொள்கிறேன் என்றேன். கல்யாணம் செய்த டீச்சருக்கு நம் பள்ளியில் இடமில்லை என்பது எனக்கும் தெரியும். துறைமுகத்துக்குப் பஸ் எட்டேகாலுக்கு. ஏழு மணிக்கே வந்து, அது ஹாரன் அடிக்கும் வரை நின்றேன். கை சும்மா இருக்காதே என்று, பழைய மாலுமிகள் கீறி வைத்திருக்கும் கப்பல்களுக்குப் பக்கத்தில் நானும் சுவரில் ஒரு கப்பல் கீறினேன். பிரிப்பதற்கு முன் போய்ப் பார்.

நீ ஏன் வரவில்லை? உன் பதிலைப் பார்த்துத்தான் என் மீதி நாட்களை எங்கே வைப்பது என்று முடிவு செய்யப் போகிறேன். சுற்றி வளைக்காமல் எழுது.

வென்சு


அயின் மெல்ஹா
1974 மார்ச் 2

அன்புள்ள வென்சு,

கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் பேனாவை எடுக்கவில்லை. நத்தை பத்திரமாக இருக்கிறது. ஒரு கொம்பில் மட்டும் புறா எச்சம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இருக்கிறது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. முதலில் அந்த வாரத்தை ஞாபகப்படுத்துகிறேன்.

நம் கோயிலுக்கு இரண்டு மணிக்கூண்டு, இரண்டு கடிகார முகம். ஒன்று நிஜம், மற்றது சும்மா தீட்டியது. சாகிற நேரம் எது என்று தெரியாமல் பிசாசு குழம்ப வேண்டும் என்பது ஏற்பாடு. சின்னக் கோயிலில் இருநூறு வருடமாக நிஜக் கடிகாரம் ரொட்டிக்கடைப் பக்கம் இருந்தது. தவக்காலத்தில் புது முகப்புக்கு மாற்றியபோது, படிக்கட்டு வசதி என்று அதை மருந்துக்கடைப் பக்கம் வைத்துவிட்டார்கள். தீட்டிய முகம் ரொட்டிக்கடைப் பக்கம் வந்தது. ஊர் முழுவதும் தடுமாறியது. ரொட்டிக்கடை சிதோர் ஒரு அடுப்பு நிறைய ரொட்டியைக் கரியாக்கிவிட்டு, கோயில்பிள்ளை கார்ம்னுவிடம் சண்டைக்குப் போனார்.

"என்னய்யா கடிகாரம் வெச்சிருக்கீங்க? என் பொழப்புல மண்ணு விழுந்துடுச்சு!"

"அது பிசாசை ஏமாத்த வெச்சது சிதோரு. மொத ஆளா நீ ஏமாந்திருக்கே. அப்ப நீ யாருன்னு நீயே சொல்லிக்கோ."

பள்ளிக்கூட வாசல் வரை சிரிப்பு கேட்டது.

பெரிய வெள்ளிக்கிழமை காலை நான் கையெழுத்திட்ட தாளோடு சதுக்கத்துக்கு வந்தேன். முதல் நாள் வியாழன் பூசையோடு மணிகள் நின்றுபோயிருந்தன, மரக்கட்டைதான் தட்டினார்கள். தென்கிழக்குக் காற்று புழுதியைக் கொண்டுவந்து சூரியனை மூடியிருந்தது. வழக்கப்படி ரொட்டிக்கடைப் பக்கம் நிமிர்ந்து பார்த்தேன். ஏழேகால். இன்னும் முக்கால் மணி இருக்கிறது, அதற்குள் ஒரு டீச்சர் சந்தில் போய் நின்றால் ஊர் என்ன சொல்லும் என்று திரும்பிவிட்டேன். மறுபடி வந்தபோதும் ஏழேகால். அப்போதுதான் புரிந்தது. நீங்கள் போய்விட்டிருந்தீர்கள்.

பிள்ளைகளுக்கு மணி பார்க்கக் கற்றுக்கொடுத்த டீச்சர் தப்பான கடிகாரத்தைப் பார்த்தாள். இதை எப்படி உங்களுக்கு எழுதுவேன்? அதனால்தான் எழுதவில்லை.

சுவரில் உங்கள் கப்பலை இன்னும் பார்க்கவில்லை. சந்தில் சாரம் அடுக்கியிருக்கிறார்கள். எடுத்ததும் போகிறேன்.

கிரெட்சியா


சன்ஷைன்
1974 மார்ச் 24

கிரெட்சியா,

உன் கடிதத்தை வாசித்து முதலில் சிரித்தேன். பிறகு சமையலறையில் போய் வெகுநேரம் நின்றேன்.

மகள் டோரிஸ் வந்து என்னவென்று கேட்டாள். சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்பா, அந்த டீச்சர் பொய் சொல்றாங்க" என்றாள்.

"எதை வெச்சும்மா சொல்றே?"

"அந்த வாரம் பூரா ஊரே இதை வெச்சுத்தானே சிரிச்சிருக்கு. அவங்களே எழுதியிருக்காங்க. ரொட்டிக்கடைக்காரருக்குத் தெரியாம இருக்கலாம். டீச்சருக்குமா தெரியாது?"

அவள் அம்மாவைப் போல. குறைவாகப் பேசுவாள், பேசினால் ஆணி அடித்த மாதிரி இருக்கும்.

நான் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்தத் தீட்டிய முகத்தின் எண்களைச் செதுக்கியது நான். வண்ணம் தீட்ட நகரத்திலிருந்து வந்த ஓவியர் சாரத்தில் உட்கார்ந்துகொண்டு, "முள்ளை எத்தனை மணியில வெக்கட்டும்? எந்த மணியானாலும் எனக்கு ஒண்ணுதான்" என்றார். ஏழேகால் என்றேன். "ஏன், அப்ப என்ன விசேஷம்?" என்றார். சும்மாதான் என்றேன்.

தினமும் ஏழேகாலுக்கு நீ சதுக்கத்தைக் கடந்து பள்ளிக்குப் போவாய். சாரத்தின் மேலிருந்து பார்ப்பேன். உன் குடை, உன் நோட்டுக் கட்டு, வழியில் குனிந்து ஏதாவது ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைப்பது எல்லாம். இந்த ஊரில் ஒரு கடிகாரமாவது அந்த நேரத்திலேயே நிற்கட்டும் என்று நினைத்தேன். உன்னிடம் சொல்லவே இல்லை. அதே முள் உன்னைத் திருப்பி அனுப்பியது என்று இப்போது நீ எழுதுகிறாய்.

அப்படித்தான் நடந்தது என்றால் நான் அந்த ஓவியரையும் என்னையும் திட்டிவிட்டு டிக்கெட் எடுக்கிறேன். டோரிஸ் சொல்வது சரி என்றால் அதையும் எழுது. அப்போதும் எடுப்பேனா என்று தெரியவில்லை. ஆனால் தெரியாமல் வந்து உன் எதிரில் உட்கார என்னால் முடியாது.

வென்சு


அயின் மெல்ஹா
1974 ஏப்ரல் 16, ஈஸ்டர் செவ்வாய்

அன்புள்ள வென்சு,

உங்கள் மகள் சொன்னது சரி.

சதுக்கத்தில் நிமிர்ந்து பார்த்த அந்தக் கணம் எனக்குத் தெரியும், அது தீட்டியது என்று. அதற்கு முந்தின வாரம்தான் என் வகுப்பில் இரண்டு முகங்களையும் கரும்பலகையில் வரைந்து, "எது பேசும், எது பேசாது?" என்று கேட்டிருந்தேன். தலையைக் கொஞ்சம் திருப்பியிருந்தால் மருந்துக்கடைப் பக்கம் நிஜ நேரம் இருந்தது. நான் திருப்பவில்லை. ஏழேகால் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை நோட்டு வீட்டில் இருப்பதாகச் சொல்லிச் சொல்லித் தானே நம்பிவிடுமே, அது மாதிரி.

அங்கிருந்து பள்ளிக்குப் போனேன். விடுமுறை. சாவி என்னிடம் இருந்தது. முப்பத்தெட்டு சின்ன நாற்காலிகள். துடைத்த கரும்பலகையையே மறுபடி துடைத்தேன். உங்களோடு வந்தால் இந்த அறைக்குள் இனி நான் வேலைக்காரியாகக்கூட வர முடியாது. வராவிட்டால் நீங்கள் இல்லை. இரண்டையும் நானாகச் சொல்லத் துணிவில்லை. அதனால் ஓடாத ஒரு கடிகாரத்தைச் சொல்ல வைத்தேன். திரும்பி வந்து அண்ணாந்தபோது ஒருவழியாக நிஜ முகத்தைப் பார்த்தேன். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம்.

அந்த முள் ஏன் அங்கே நின்றது என்று எனக்கு இத்தனை வருடம் தெரியாது. தெரிந்திருந்தால்? தெரியவில்லை. ஆனால் உங்கள் கடிதம் வந்ததிலிருந்து சதுக்கத்தில் தலை நிமிர்த்த முடியவில்லை.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். பெரிய சனிக்கிழமை சாரத்தை எடுத்தார்கள். பிரிக்கிற வேலைக்கு வந்திருக்கும் கொத்தனார் நென்னுவோடு பக்கவாசலுக்குப் போனேன். மாலுமிகளின் பழைய கப்பல்களுக்கு நடுவே உங்களுடையதைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. கோடு அவ்வளவு சுத்தம். ஆனால் வென்சு, அடிப்பாகம் இருக்கிறது, ஒரு பாய்மரம் இருக்கிறது. பாய் இல்லை. கயிறு இல்லை. கொடியும் இல்லை.

"இது எவ்வளவு நேர வேலை, நென்னு?" என்றேன்.

விரலால் தடவிப் பார்த்தார். "இந்தக் கையா? கால் மணி. மிஞ்சிப்போனா இருபது நிமிஷம். நல்ல கை டீச்சர், பாதியில எழுந்து போயிருக்கு."

ஏழு மணியிலிருந்து எட்டேகால் வரை நின்றதாக எழுதினீர்கள். சிலேட்டைப் பார்த்தாலே எந்தப் பிள்ளை எவ்வளவு நேரம் உட்கார்ந்தது என்று சொல்லிவிடுவேன், அதுதான் என் தொழில். உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. என் பங்கை முழுதாகக் கொடுத்துவிட்டேன். உங்கள் பங்கு பாதிதான் வந்திருக்கிறது.

கிரெட்சியா


சன்ஷைன்
1974 மே 9

கிரெட்சியா,

ஆமாம்.

ஏழுக்கு வந்தேன். ஏழு இருபதுக்குப் போய்விட்டேன். சிதோரின் வண்டி துறைமுகத்துக்கு ரொட்டி ஏற்றிக்கொண்டு கிளம்பியது. "ஏறுறியா?" என்றார். ஏறினேன். எட்டேகால் பஸ் ஹாரன் அடித்ததை நான் கேட்கவே இல்லை. இம்ஜார் துறையில் படகுக்காகக் காத்து நின்றேன்.

நீ வரமாட்டாய் என்று பயந்து போகவில்லை. வந்துவிடுவாய் என்று பயந்தேன். எங்கே கூப்பிடுகிறேன் உன்னை? தகரக் கொட்டகை, ஆறு ஆண்கள், ஒரு குழாய். ஊரே எழுந்து வணக்கம் சொல்கிற ஒருத்தியை அங்கே கொண்டுபோய், அவள் ஒரு நாள் என்னைப் பார்க்கப் போகும் பார்வையை நினைத்தேன். பாய்மரம் வரை கீறினேன். பாய் கட்டுவதற்குள் கை நின்றுவிட்டது.

அப்புறம் இருபத்து மூன்று வருடம் நீ வரவில்லை என்று சொல்லிக்கொண்டேன். லொரெட்டாவிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன், கேட்காத கேள்விக்குப் பதிலாக. சொல்லச் சொல்ல எட்டேகால் வரை நின்றதாகவே ஆகிவிட்டது. உன் வீட்டுப்பாடப் பிள்ளை நான்தான்.

ஆக, அன்று நீ நேராகச் சந்துக்கு வந்திருந்தாலும் வெறும் சுவரைத்தான் பார்த்திருப்பாய். இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். நீ தொலைத்ததாக நினைத்து இத்தனை வருடம் தூக்கிக்கொண்டிருந்ததை நீ தொலைக்கவில்லை.

டிக்கெட் எடுத்துவிட்டேன். ஆகஸ்ட் இரண்டாம் தேதி. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு யோசிக்கலாம் என்கிறார். டோரிஸ், "போயிட்டு வாங்கப்பா, ஆனா இந்தத் தடவை பாதி வழியில ரொட்டி வண்டி ஏறிடாதீங்க" என்கிறாள். நான் அப்படிச் செய்யக்கூடியவன் என்பதை உனக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

துறைமுகத்துக்கு வராதே. பக்கவாசலுக்கு வா. ஆனால் பக்கவாசல் இப்போது இருக்கிறதா?

வென்சு


அயின் மெல்ஹா
1974 ஜூன் 11

அன்புள்ள வென்சு,

பக்கவாசல் இல்லை. சின்னக் கோயில் போன வாரத்தோடு முடிந்தது. கடைசிக் கல்லைப் பெரிய கோயிலின் வாசல் வழியே தூக்கிக்கொண்டு போனபோது, கார்ம்னு, எழுபத்தெட்டு வயதில், யாரும் சொல்லாமலே மணி அடித்தார். "எதுக்கு அடிக்கிறே? கல்யாணமா, சாவா?" என்று துன் அஞ்செலு கேட்டார். "தெரியலையே சாமி, கை அடிச்சிடுச்சு" என்றார்.

உள்ளே போனால் இடமே அடையாளம் தெரியவில்லை. நாம் ஞானஸ்நானம் வாங்கிய இடம், நான் முப்பது வருடம் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்த இடம், எல்லாம் ஒரே வெளியாகிவிட்டது. குவிமாடத்துச் சன்னல்களிலிருந்து வெயில் நேராகத் தரைக்கு இறங்குகிறது. அவ்வளவு பெரிய இடத்தை அந்தச் சின்னச் சுவர்கள் இத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்தன என்று நம்பவே முடியவில்லை. சிலர் அழுதார்கள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. பிறகு, ஒரு நாள் சாக்பீஸ் தூள் போல அந்த வெயிலில் பழைய கல்லின் தூசி மிதந்ததைப் பார்த்தபோது வந்தது.

உன் கப்பல் இருந்த கல்லை நென்னு உடையாமல் எடுத்துக் கொடுத்தார். பழைய சிற்பங்களுக்கு ஒதுக்கிய பக்க அறையில், கை எட்டும் உயரத்தில் வைத்திருக்கிறார்கள். பாய் கட்டும் வேலை பாக்கி இருப்பதாகச் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். "யாரு கட்டுவா?" என்றார். ஆள் வரும் என்றேன்.

கல்லைப் பிரிக்கத் தொடங்கியதற்கு முந்தின நாள், உன் கடிதம் வருவதற்கு முன்பே, நான் அளந்து வைத்துக்கொண்டேன். நத்தைத் தூணிலிருந்து பீடத்தைப் பார்த்து நின்று, இடது கைப் பக்கமாக என் காலடியில் ஏழு அடி. அங்கேதான் பக்கவாசல் இருந்தது. இப்போது தரையில் எந்த அடையாளமும் இல்லை. மறந்துவிடக் கூடாதே என்று தினமும் காலைப் பூசை முடிந்ததும் அங்கே போய்க் கொஞ்ச நேரம் நிற்கிறேன். எதிரில் சுவரில் புனித அன்னம்மாள் படம் இருக்கிறது. "டீச்சருக்கு வயசான காலத்துல அன்னம்மாள் மேல பக்தி வந்துடுச்சு" என்று ரொட்டிக்கடையில் பேசிக்கொள்கிறார்களாம். நேற்று இரண்டு பெண்கள் என் பக்கத்தில் வந்து அதே இடத்தில் நின்று ஜெபமாலை சொன்னார்கள். நீ சீக்கிரம் வராவிட்டால் இங்கே ஒரு திருவிழாவே தொடங்கிவிடும்.

நீ ஏழு இருபதுக்குப் போனதற்கு நான் கோபப்பட வேண்டுமா என்று யோசித்தேன். வரவில்லை. இருபத்து மூன்று வருடமாக, நீ எட்டேகால் வரை நின்றிருப்பாய் என்ற நினைப்புதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. நீ நிற்கவில்லை என்று தெரிந்த அன்று நன்றாகத் தூங்கினேன். இதை யாருக்கும் விளக்க என்னிடம் உதாரணம் இல்லை.

திருவிழாவுக்காக முகப்பைச் சுத்தம் செய்கிறார்கள். தீட்டிய கடிகாரத்தில் வண்ணம் உதிர்ந்திருக்கிறது. புதிதாகத் தீட்ட வந்தவர் சதுக்கத்தில் எல்லோரிடமும் எத்தனை மணி வைக்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் குறுக்கே போய், "இருந்த இடத்திலேயே இருக்கட்டும்" என்றேன். இந்த ஊரில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

ஆகஸ்டில் உன்னால் வர முடியவில்லை என்றால், நெஞ்சு விடவில்லை என்றாலும் சரி, மனசு விடவில்லை என்றாலும் சரி, ஒரு வரி எழுதிப் போடு. நிஜக் காரணத்தை எழுது. வருகிறாய் என்றால் நேரம் எழுத வேண்டாம். இம்ஜார் துறையிலிருந்து எந்த வண்டி கிடைக்கிறதோ அதில் ஏறி வா. நத்தையைக் கண்டுபிடி, ஏழு அடி வை.

நான் முன்னாலேயே வந்து நிற்பேன். மணி பார்க்க மாட்டேன்.

உன்,
கிரெட்சியா